ஹைப்ரிட் காரை அதிக தூரம் மின்சாரத்தில் ஓட்டுவது எப்படி: சுங்கை சிப்புட் சாலைகளிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மூன்று வீடு தள்ளி இருக்கும் தம்பி ஒருவர் பழைய டொயோட்டா பிரியஸ் சி வாங்கி வந்தார். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் அது. இரண்டாவது வாரமே கதவைத் தட்டினார். "அண்ணே, இந்தக் காடி கரண்ட்ல ஓடும்னு சொல்லித்தான் வித்தாங்க. வீட்டுலேர்ந்து பட்டணம் போறதுக்குள்ள எஞ்சின் எழுந்துடுது. பேட்டரி போயிடுச்சா?"

பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் ஹைப்ரிட் வாங்கிய முதல் மாதம் இதே கவலையில்தான் இருந்தேன். அன்று மாலை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து லிந்தாங் சாலை வரை ஓட்டிக் காட்டினேன். அப்போது அவரிடம் சொன்னவற்றைத்தான் புதிதாக ஹைப்ரிட் வாங்கியவர்களுக்காக இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் பழைய ஹைப்ரிட்கள் நிறைய ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2011 தொடங்கி 2013 இறுதி வரை, 2,000 சிசிக்கு உட்பட்ட ஹைப்ரிட் கார்களுக்கு அரசாங்கம் இறக்குமதி வரியையும் கலால் வரியையும் முழுமையாக விலக்கியிருந்தது. பிரியஸ் சி, ஹோண்டா இன்சைட், ஜாஸ் ஹைப்ரிட் எல்லாம் அந்தச் சமயத்தில் நிறைய இறங்கின. இன்று அவை இரண்டாம் கை, மூன்றாம் கையாக நம்மிடம் வந்து சேர்கின்றன. விற்பவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எப்படி ஓட்டுவது என்று சொல்லித் தர ஆளில்லை.

முதலில் உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா ஹைப்ரிட்டும் ஒன்றல்ல. டொயோட்டாவின் பிரியஸ், பிரியஸ் சி, கொரோலா கிராஸ் போன்றவற்றில் மோட்டார் மட்டுமே காரை இழுத்துச் செல்ல முடியும், எஞ்சின் முழுதாக நின்றுவிடும். ஹோண்டாவின் புதிய சிட்டி, எச்ஆர்-வி ஹைப்ரிட்களில் பெரும்பாலான நேரம் சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார்தான். எஞ்சின் மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும், நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் சக்கரத்தோடு நேராக இணையும்.

பழைய இன்சைட், ஜாஸ் ஹைப்ரிட் வேறு மாதிரி. மோட்டார் எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால் மின்சாரத்தில் ஓடும்போதும் எஞ்சின் பெட்ரோல் இல்லாமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அதில் தனி மின்சார ஓட்டம் சில நொடிகளுக்குத்தான் கிடைக்கும். அந்தக் காரை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு பிரியஸோடு போட்டி போட வேண்டாம். இந்தக் கட்டுரையில் வரும் பிரேக், டயர், ஏர்கோன் பகுதிகள் அதற்கும் பொருந்தும்.

சுவரில் சொருகி சார்ஜ் போடும் பிளக்-இன் வகை வைத்திருந்தால் உங்கள் வேலை எளிது. இரவில் சார்ஜ் போட்டுவிட்டு, மின்சாரத்தைப் பட்டணச் சுற்றுக்கும் எஞ்சினை நெடுஞ்சாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குத்தான் இனி நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

பேட்டரி கிணறு இல்லை, குடம்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிரியஸ் சியின் பெரிய பேட்டரி 144 வோல்ட், 6.5 ஆம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 0.94 கிலோவாட்-மணிதான். அதிலும் பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காக, ஏறக்குறைய 40 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை உள்ள பகுதியைத்தான் கார் பயன்படுத்தும். நம் கைக்குக் கிடைப்பது 0.4 கிலோவாட்-மணிக்கும் குறைவு. மெதுவாகச் சமதரையில் ஓட்டினால் 2, 3 கிலோமீட்டருக்கு வரும். அவ்வளவுதான்.

அந்தக் குடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சொருகி வகை இல்லாத ஹைப்ரிட்டில் எல்லாச் சக்தியும் கடைசியில் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. எஞ்சின் ஓடிக் குடத்தை நிரப்புகிறது, அல்லது காரின் ஓட்டத்தையும் இறக்கத்தையும் பிரேக் திரும்ப வாங்கி நிரப்புகிறது. இரண்டாவது வழியில் வருவதுதான் நமக்கு உண்மையான மிச்சம். முதல் வழியில் வருவதை அள்ளி அள்ளிச் செலவழித்தால், பின்னால் எஞ்சின் அதை நிரப்பக் கூடுதலாக ஓட வேண்டும். பெட்ரோலை மின்சாரமாக்கி, பேட்டரியில் வைத்து, மறுபடி எடுக்கும்போது ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சிந்திவிடும்.

என் முதல் மாதத் தவறு இதுதான். மின்சாரத்தில் மட்டும் ஓட வைக்கும், இவி என்று எழுதிய பொத்தானை எங்கு பார்த்தாலும் அழுத்தினேன். தாமானிலிருந்து பட்டணம் வரை எஞ்சினை எழுப்பாமல் போனதில் அத்தனை மகிழ்ச்சி. ஆனால் குடம் காலியாகி, சந்தைக்குப் பக்கத்தில் நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் எழுந்து உறுமிக்கொண்டே சார்ஜ் ஏற்றும். நின்ற இடத்திலேயே எண்ணெய், அதாவது பெட்ரோல், எரியும். அந்த மாதம் லிட்டருக்கு 19 கிலோமீட்டர்தான் வந்தது. பொத்தானைத் தொடாமல் ஓட்டக் கற்ற பிறகு 23 வரை வருகிறது, மின்சாரத்தில் ஓடும் நேரமும் கூடிவிட்டது.

அப்படியானால் அந்தப் பொத்தான் எதற்கு? கார் கழுவ வாசலுக்கு நகர்த்த, விடியற்காலையில் தூங்கும் வீடுகளைக் கடந்து சத்தமில்லாமல் வெளியேற. இப்படிப்பட்ட நூறு மீட்டர் வேலைகளுக்கு அது நல்லது.

காலையில் கிளம்பும்போது

ரெடி விளக்கு வந்த சில நொடிகளில் எஞ்சின் தானாக எழும். புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி சூடாக வேண்டும், எஞ்சினும் சூடாக வேண்டும், அதற்காகத்தான். இதைத் தடுக்க முயல வேண்டாம். ஆனால் நின்றுகொண்டே சூடாக்கவும் வேண்டாம். இருக்கை பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைச் சரி செய்து, கைப்பேசியை வைத்துவிட்டு, கடைசியாக ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி உடனே கிளம்புங்கள். முதல் ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். டொயோட்டாவில் இந்தச் சூடேறும் நேரத்தில் கார் பெரும்பாலும் மோட்டாரில்தான் நகரும்.

குளிர் நாடுகளில் இந்தச் சூடேறலுக்கே நிறைய நேரம் போகும். நம் வெயிலில் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இது நமக்குக் கிடைத்த கொடை.

ஆனால் ஒரு கிலோமீட்டர் பயணங்கள் ஹைப்ரிட்டைக் கொன்றுவிடும். காலை ஏழு மணிக்குப் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டு வீடு திரும்புவது, ஒன்பது மணிக்கு மீன் வாங்கப் போவது, பதினொன்றுக்குத் தபால் நிலையம் என்று மூன்று முறை கிளம்பினால் மூன்று முறையும் எஞ்சின் சூடேற எண்ணெய் குடிக்கும். பிள்ளையை விட்ட கையோடு சந்தைக்கும் போய்விட்டு வந்தால், பள்ளிக்குப் பிறகு வரும் ஓட்டம் எல்லாம் சூடான எஞ்சினோடு நடக்கும். சூடான எஞ்சின்தான் யோசிக்காமல் அணையும்.

காலில் இருக்கிறது எல்லாம்

புதியவர்கள் பலர், மெதுவாக மிதித்தால் எஞ்சின் எழாது என்று எண்ணி, ஆமை போலக் கிளம்புவார்கள். பின்னால் லோரிக்காரர் ஹோன் அடிப்பார். ஓட்டுநர் முன்னால் சார்ஜ், இகோ, பவர் என்று பகுதி பிரித்துக் காட்டும் மின்மானியில் கோடு நடுவைத் தொடாமல் பார்த்துக்கொண்டே 60 வரை ஏற்ற ஒரு கிலோமீட்டர் பிடிக்கும், குடமும் காலியாகும்.

எஞ்சினுக்குக் கொஞ்சம் பாரம் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். நான்காம் தலைமுறை பிரியஸின் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் 40 விழுக்காடு வரை வேலையாக மாற்ற வல்லது. ஆனால் அது நடுத்தரப் பாரத்தில்தான் கிடைக்கும். சும்மா முனகிக்கொண்டு ஓடும்போது அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே வேகமெடுக்கும்போது எஞ்சின் எழட்டும். மிதமான, உறுதியான மிதியில், பவர் பகுதிக்குள் போகாமல், 50 அல்லது 60க்கு ஏறுங்கள்.

ஏறியதும் காலை முழுதாக எடுங்கள். எஞ்சின் அணையும். ஒரு நொடி கழித்து மெல்ல, மிக மெல்ல, மறுபடி மிதியுங்கள். இவி விளக்கு எரியும், கார் அதே வேகத்தில் மோட்டாரில் நழுவிக்கொண்டு போகும். வேகம் 45க்கு இறங்கினால் மறுபடி எஞ்சினோடு ஏற்றுங்கள். ஊஞ்சலில் பிள்ளையை ஆட்டுவது போலத்தான்: ஒரு தள்ளு, பிறகு அது தானாகப் போகட்டும். தள்ளிக்கொண்டே இருக்கவும் கூடாது, தள்ளாமல் இருக்கவும் கூடாது.

இந்தக் காலை எடுத்து வைக்கும் பழக்கம் வர எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதுவரை எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும், நாமும் காரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். கார் நம் காலிடமிருந்து ஒரு சைகைக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. மூன்றாம் தலைமுறை பிரியஸில் ஏறக்குறைய 70 கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சின் சுழன்றே ஆக வேண்டும், உள்ளே உள்ள பல்சக்கர அமைப்பு அப்படி. புதிய மாடல்களில் அதைவிட அதிக வேகத்திலும் அணையும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குச் செம்மோர் வழியாகப் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் இதை நன்றாக உணரலாம். நெடுஞ்சாலையில் 110ல் போனால் மின்சார ஓட்டத்துக்கு வாய்ப்பே குறைவு. அவசரமில்லாத நாளில் நான் பழைய சாலையில்தான் போகிறேன், டோலும் மிச்சம்.

ஆனால் ஒன்று. அந்தச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் பிள்ளைகளை ஏற்றிய மோட்டார் சைக்கிள்களும் போகும். பின்னால் வண்டி இருக்கும்போது ஊஞ்சல் ஆட்ட வேண்டாம். சாலையின் ஓட்டத்தோடு போங்கள். அரை லிட்டர் எண்ணெய்க்காக யாரையும் ஆபத்தான இடத்தில் முந்த வைக்கக் கூடாது.

பிரேக்: இலவச மின்சாரம் இங்கேதான்

ஒரு சின்னக் கணக்கு. ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் ஓட்டத்தில் இருக்கும் சக்தி சுமார் 0.046 கிலோவாட்-மணி. நிறுத்தும்போது அதில் பாதியைப் பேட்டரிக்குத் திருப்பினால்கூட, இருநூறு மீட்டருக்கு மேல் சத்தமில்லாமல் போகலாம். ஒரு சமிக்ஞை விளக்குக்கு இருநூறு மீட்டர். ஈப்போ போய் வந்தால் எத்தனை விளக்கு என்று எண்ணிப் பாருங்கள்.

இதை வாங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே, மென்மையாக, நீளமாக பிரேக் பிடிக்க வேண்டும். மெல்லப் பிடித்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சக்தியை வாங்கிக்கொள்ளும். கடைசி நேரத்தில் அழுத்திப் பிடித்தால், கட்டை உரசி நிறுத்தும் தேய்மானப் பிரேக்தான் வேலை செய்யும், சக்தி வெப்பமாகிக் காற்றில் போய்விடும். மின்மானியில் சார்ஜ் பகுதி நிரம்பாமல், ஓரத்தைத் தொடாமல் பிடியுங்கள். வேகம் 10க்குக் கீழே வந்ததும் சாதாரணப் பிரேக்தான், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தோட்டச் சாலைகளில் மேட்டுத்தடைகள் வரிசையாக இருக்கும். இரண்டு மேட்டுக்கு நடுவில் 50க்கு ஏறி மறுபடி பிரேக் பிடிப்பவர்களைப் பார்க்கிறேன். 30லேயே போனால் மோட்டாரே போதும், எஞ்சின் எழவே எழாது. கோவில் தெரு, பள்ளிக்கூட வாசல், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை நடக்கும் சாலை, லயத்து வீடுகளுக்கு நடுவே போகும் பாதை, இவையெல்லாம் குடத்துத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டிய இடங்கள். நெடுஞ்சாலையில் பேட்டரியைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துக்குள் நுழைவதைவிட, நிறைந்த பேட்டரியோடு பட்டணத்துக்குள் நுழைவது மேல்.

அங்கே இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. உங்கள் காரின் சத்தம் கேட்காது. லயத்து வாசலில் விளையாடும் பிள்ளைக்கும், கைத்தடியோடு நடக்கும் பாட்டிக்கும், சாலையில் படுத்திருக்கும் நாய்க்கும் நீங்கள் வருவது தெரியாது. மின்சாரத்தில் போகும் இடத்திலெல்லாம் கண்ணை இரட்டிப்பாகத் திறந்து வையுங்கள்.

சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது நியூட்ரல் (N) கியருக்கு மாற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. ஹைப்ரிட்டில் வேண்டாம். டொயோட்டாவில் நியூட்ரல் கியரில் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏர்கோன் மட்டும் அதிலிருந்து குடித்துக்கொண்டிருக்கும். நெரிசலில் நீண்ட நேரம் நியூட்ரல் கியரில் நின்றால் பேட்டரி இறங்கிவிடும். டி (D) கியரில் பிரேக்கை மிதித்தபடி நில்லுங்கள்.

மலை ஏறி இறங்கும்போது

கோலகங்சாரிலிருந்து நெடுஞ்சாலையில் ஈப்போ வரும்போது மெனோரா சுரங்கப் பாதை வரை ஏற்றம், அதைத் தாண்டி ஜெலப்பாங் வரை இறக்கம். ஏற்றத்தில் எஞ்சின் உழைக்கட்டும், மின்சாரத்தில் ஏற முயல வேண்டாம். ஏற்றத்தின் அடிவாரத்திலேயே பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வருவதை வைக்க இடமில்லாமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேமரன் மலையிலிருந்து தாப்பா பக்கமோ சிம்பாங் பூலாய் பக்கமோ இறங்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதே 1,200 கிலோ கார் 1,000 மீட்டர் இறங்கினால் விடுபடும் சக்தி 3 கிலோவாட்-மணிக்கு மேல். நம் குடமோ 0.4கூட இல்லை. சில கிலோமீட்டரிலேயே நிறைந்துவிடும். நிறைந்த பிறகு மோட்டார் பிரேக் வேலை செய்யாது, பாரம் தேய்மானப் பிரேக்கில் அதிகமாக விழும், அது சூடாகும். கியரில் இருக்கும் பி (B) இதற்குத்தான். எஞ்சினைச் சுழல வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். டொயோட்டாவில் சமதரையில் பி (B) போட்டு ஓட்டினால் கூடுதல் சார்ஜ் கிடைக்கும் என்பது தவறான நம்பிக்கை, மென்மையான பிரேக்கே அதைவிட நன்றாக வாங்கும். சில ஹோண்டாக்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்புகளால் மோட்டார் பிரேக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம், அது வேறு.

ஏர்கோனும் பேட்டரியின் மூச்சும்

நம் ஊரில் மின்சார ஓட்டத்தைக் குறைக்கும் பெரிய காரணங்களில் ஒன்று ஏர்கோன். அதற்காக வியர்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியதில்லை. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் நான்கு கண்ணாடியையும் இறக்கி, ஒரு நிமிடம் ஓட்டி, சூடான காற்றை வெளியேற்றிவிட்டு, அப்புறம் போடுங்கள். 25 டிகிரி போதும். உட்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். மதியம் எங்கு நிறுத்தினாலும் நிழல் பார்த்து நிறுத்துங்கள்.

ஏர்கோனை முழுதாக அணைக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணம், பேட்டரி நம்மோடு சேர்ந்து அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. பிரியஸ் சியில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றை அது இழுத்துப் பேட்டரியைக் குளிர்விக்கும். பேட்டரி சூடானால் கார் அதைப் பயன்படுத்தத் தயங்கும், எஞ்சின் அடிக்கடி எழும்.

பிள்ளைகளின் பள்ளிப் பை, மழைக்கோட்டு, சந்தைப் பை, எல்லாம் அந்தத் துவாரத்தை அடைத்துக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. இன்றே போய்ப் பாருங்கள். செம்மண் தூசி நிறைந்த பாதையில் ஓடும் கார்களில் துவாரத்தின் வலையில் தூசி திட்டாகப் படிந்திருக்கும். மென்மையான தூரிகையும் தூசி உறிஞ்சியும் போதும். உள்ளே இருக்கும் விசிறி வரை அழுக்கு போயிருந்தால் ஹைப்ரிட் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் எதையும் நீங்களாகத் தொடக் கூடாது, அது உயிரை எடுக்கும் அழுத்தம்.

அந்தத் தம்பியின் காரில் அன்று நான் பார்த்தது இதைத்தான். துவாரத்துக்கு முன்னால் ஒரு சிறு அரிசி மூட்டை.

டயரும் பாரமும்

ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் காலையில், எண்ணெய் நிலையத்தில் காற்று பாருங்கள். காற்று குறைந்த டயரில் கார் நழுவவே நழுவாது, ஊஞ்சல் பாதியில் நின்றுவிடும். எஞ்சின் எண்ணெயும் கையேட்டில் சொன்ன மெல்லிய வகையாகவே இருக்கட்டும். காரின் பின்பெட்டியில் கிடக்கும் தேவையற்ற சாமான்களை இறக்கிவிடுங்கள்.

கணக்கு எழுதுங்கள்

2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்களுக்கு உதவித்தொகையோடு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென்னுக்கு வந்தது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு, 19லிருந்து 23க்கு ஏறியதில் கிட்டத்தட்ட 14 லிட்டர் மிச்சம், அந்த விலையில் 27 வெள்ளி. பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதாமாதம் வருகிறது, பிரேக் கட்டையும் மெதுவாகத் தேய்கிறது.

காரின் திரையில் தெரியும் மின்சார ஓட்ட விழுக்காட்டை மட்டும் நம்பாதீர்கள். அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே எண்ணெயை வீணாக்க முடியும், நான் முதல் மாதம் செய்தது அதைத்தான். எண்ணெய் நிலையத்தில் குழாய் முதல் முறை 'டக்' என்று நிற்கும் வரை மட்டும் நிரப்பி, ஓடிய தூரத்தைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் முடிந்தால் அதே குழாயில், அதே 'டக்' வரை. தூரத்தை லிட்டரால் வகுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு தொட்டியை வைத்து முடிவு கட்ட வேண்டாம், மூன்று தொட்டி பாருங்கள்.

மூன்று தொட்டிக்குப் பிறகும் எண் அசையவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, கடைசியில் பிரேக்கை அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அருகில் கையைத் தொடாமல் கொண்டுபோய் வெப்பத்தை உணருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. அதைப் பட்டறையில் சரி செய்துவிட்டு மறுபடி முதல் தொட்டியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.